பரணில் ஏறிய கம்ப்யூட்டர்

திருவானைக்காவல் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. டைப் அடிக்க ஒரே கம்ப்யூட்டர். அதில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் தனித்தனி லாகின், தனித்தனி பாஸ்வேர்டு. பல வருஷமாக இருக்கும் அம்மா காலையில் பாஸ்வேர்டு போட்டால், திரை திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவளுக்கோ உடனே திறந்துவிடும்.

"ஒரே மெஷின்தானே? அவளுக்கு ஓடுது, இவங்களுக்கு ஓடலைன்னா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் முதலாளி, அந்த அம்மாவின் காதில் விழும்படியே. திங்கட்கிழமை முதல் அவரை ஜெராக்ஸ் மெஷினில் நிற்க வைக்கப்போவதாகவும் சொன்னார். அந்த அம்மா முட்டி வலிக்காரர். நாளெல்லாம் நில் என்பது, வேலையை விட்டு நில் என்பதற்குச் சமம்.

அதைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் ரிப்பேரைப் படித்துக் கற்றவன் இல்லை, கழற்றிக் கழற்றிக் கற்றவன். பழமொழி என்றால் எனக்கு உயிர். அதனாலேயே முதலாளி சொன்னதைப் பாதி நம்பிவிட்டேன். அந்த அம்மா கண்டதையும் சேர்த்து வைத்திருப்பார் என்று அவர் லாகினில் கிடந்த குப்பையை ஒரு மணி நேரம் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியதை அப்புறம்தான் கேட்டேன்.

"எப்போலேர்ந்துங்கக்கா இப்படி?"

"ஆயுத பூஜைலேர்ந்து தம்பி. சொன்னா யாரு கேக்குறா?"

முதலாளியை விசாரித்தேன். பைல்களெல்லாம் உள்ளறையில் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்திருக்கின்றன. பூஜையன்று அதற்குப் பதில் புதிது வாங்கியிருக்கிறார். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பரணில் ஏற்றிவிட்டார். ஏறிப் பார்த்தேன். காய்ந்த மாலையோடு உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா பாஸ்வேர்டு போடும்போதெல்லாம் அவர் லாகின் இதைத்தான் தேடியிருக்கிறது. பதில் வருமா என்று காத்திருந்து, அலுத்த பிறகே திரையைத் திறந்திருக்கிறது. புதியவள் பூஜைக்கு அப்புறம் சேர்ந்தவள். அவள் லாகினுக்குத் தேட ஆளில்லை. பழகியவர்களுக்குத்தான் காத்திருப்பெல்லாம் என்று நினைத்துக்கொண்டே, பரணில் இருந்ததற்கான பழைய இணைப்பை அவர் லாகினிலிருந்து நீக்கினேன். அந்த அம்மா பாஸ்வேர்டு போட்டார். சட்டென்று திறந்தது.

"கூடம் நெசமாவே கோணல்தாங்க," என்றேன்.

முதலாளி பரணைப் பார்த்தார். "திங்கக்கிழமையும் நீங்களே உக்காருங்கக்கா," என்றார். அதுவரை அவர் 'ஏம்மா' என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

"திங்கக்கிழமை எனக்கு லீவு வேணுங்க. சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"இந்த நாற்காலி போயிடக் கூடாதுன்னுதான்."