கேரட் தின்ற தாய்மாமன்

இடுப்பு பிடித்துக்கொண்டது தண்ணீர் கேனால். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கேன் போடுகிறவர் லிஃப்டில் ஏற்றி வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிடுவார். அங்கிருந்து சமையலறைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்ப்பது என் பொறுப்பு. வீட்டில் நான் செய்கிற ஒரே வீரச்செயல் அதுதான். அன்றைக்குத் தூக்கினேன், பாதி கவிழ்த்தேன், இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. அப்படியே நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கேனிலிருந்து தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "ஏங்க, தரையெல்லாம் ஈரமாகுது."

ஆவடியில் ஒரு டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை, தசைதான் என்றார். நன்றாக நடக்கச் சொன்னார், சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார், ஒரே இடத்தில் உட்காராதீர்கள் என்றார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரே இடத்தில் உட்காருவதற்குத்தான் ஐயா எனக்குச் சம்பளமே தருகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். சிரித்தால் வலிக்கும் என்பதால் சொல்லவில்லை.

வேறு நேரமாக இருந்தால் முனகிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் ஆவணியில் என் தங்கை மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். நான்தான் தாய்மாமன். கோயிலில் தரையில் மணை போட்டு, அதில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக் கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். நாற்காலியெல்லாம் கிடையாது. அது சாதாரணப் பிள்ளையும் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை. சுற்றியதற்கெல்லாம் சேர்த்து நல்ல கனம்.

எங்களுக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று தங்கைக்கு இருப்பது நான் ஒருவன்தான். அவளைக் கொடுத்தது பாரிவாக்கத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்த்த குடும்பத்தில். இப்போது பாதி நிலம் பிளாட்டாகிவிட்டது, மீதியில் கீரையும் பப்பாளியும் போடுகிறார்கள். அவளுடைய மாமியார் நல்ல மனுஷி. ஆனால் மனசில் பட்டதை வாயில் நிறுத்திவைக்கத் தெரியாது. என் இடுப்புச் சேதி கேட்டதும் தங்கையிடம் கேட்டிருக்கிறார்.

"இன்னாம்மா, உங்க அண்ணனுக்கு இடுப்பு புட்சிகிச்சாமே? அவுரால குந்த முடியலன்னா அந்த அம்பத்தூர் புள்ளய குந்த சொல்லிடலாம். அதுவும் மாமன் மொறதான?"

அம்பத்தூர் பிள்ளை என்றால் எங்கள் பெரியப்பா மகன். எனக்கு இளையவன். ஜிம்முக்குப் போகிறவன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் எல்லாரும் பூவும் சாமியும் அனுப்பினால் இவன் தன் புஜத்தை அனுப்புவான். அவன் மடியில் பிள்ளையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை போனில் அழுதாள். "அண்ணே, கூடப்பிறந்தவன் உயிரோட இருக்கும்போது இன்னொருத்தன் மடியில என் பிள்ளைக்குக் காது குத்தினா இவங்க சொந்தமெல்லாம் என்ன நெனைக்கும்? எனக்குப் பிறந்த வீடே இல்லாத மாதிரி நான் நிக்கணுமா? உன் மடி இல்லைன்னா காதே குத்த வேணாம்."

"நான் உக்காருவேன்டி" என்றேன். அதை நின்றுகொண்டுதான் சொன்னேன், உட்கார முடியவில்லை.

இங்கேதான் என் மனைவி களத்தில் இறங்கினாள். செல்போனில் யாரோ ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். நம் உடம்புக்குள் துருப்பிடிப்பது மாதிரி ஏதோ நடக்கிறதாம். அதனால்தான் வலியும் வீக்கமுமாம். அதைத் தடுப்பது ஆன்டி ஆக்ஸிடென்டாம். அது காயிலும் பழத்திலும் இருக்கிறதாம், நிறம் அடர்த்தியாக இருந்தால் அதிகமாக இருக்கிறதாம்.

"உங்க இடுப்பு துருப்பிடிச்சுப் போச்சுங்க" என்றாள்.

"நான் என்ன மொட்டைமாடிக் கம்பியா?"

"கம்பிக்காவது வருஷா வருஷம் ரெட் ஆக்சைடு அடிக்கிறோம். உங்களுக்கு இத்தனை வருஷமா என்ன அடிச்சோம்?"

மறுநாளிலிருந்து வீட்டில் வெள்ளைக்குத் தடை. இட்லி ரோஸ் நிறத்தில் வந்தது, பீட்ரூட்டாம். தோசை பச்சை, முருங்கைக்கீரையாம். தயிர்சாதத்தில் மாதுளை முத்துகள் மூழ்கிக் கிடந்தன. ரசம் என்ன நிறம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஹோலியா சார்?" என்றார். இன்னொரு நாள் நாவல்பழம் தின்றுவிட்டு ரயில் ஏறினேன். எதிரில் இருந்த அம்மாள் என் நாக்கைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

தங்கையும் சும்மா இல்லை. பாரிவாக்கத்துப் பப்பாளியைப் பை பையாகக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, எங்கள் சமையலறையில் நின்றபடியே கேரட்டைத் துருவித் துருவி டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டுப் போவாள். "மறக்காம தின்னுண்ணே" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வராது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பேராசை. கொஞ்சம் தின்றால் கொஞ்சம் நல்லது என்றால், நிறையத் தின்றால் ஆவணிக்குள் எழுந்து நடனமே ஆடலாமே என்று கணக்குப் போட்டேன். காலையில் கேரட் ஜூஸ், மத்தியானம் கேரட் பொரியல், மாலையில் முழுக் கேரட், நடுநடுவே பப்பாளி. மைக்கை அணைக்க மறந்து மீட்டிங்கில் கேரட் கடித்தேன். பெங்களூரில் இருந்த மேனேஜர், யார் வீட்டிலோ மரம் அறுக்கிறார்கள் போலிருக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். சாத்தினேன்.

காது குத்து பற்றிப் பேச ஒரு நாள் பாரிவாக்கம் போனோம். தங்கையின் மாமியார் காபி கொடுத்தார். டம்ளரை வாங்கக் கையை நீட்டினேன். அவர் டம்ளரை விடவில்லை.

"தம்பி, கைய திருப்புங்க. ஐயய்யோ! மஞ்சளா கீதே! இன்னாம்மா பாத்துகினு கீறீங்க, காமாலம்மா இது!"

எல்லாரும் பார்த்தோம். உள்ளங்கை இரண்டும் நல்ல மஞ்சள். உள்ளங்காலும் அப்படியே. தினமும் பார்க்கிற கைதானே என்று நான் கவனித்ததே இல்லை. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காமாலயோட கொயந்தய மடியில குந்த வெப்பாங்களா? நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார் மாமியார். தங்கை உள்ளே போய்விட்டாள். இடுப்பு வலி என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். காமாலைக்கு எதைக் கடிப்பது?

ஆனால் அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அப்போதே தோட்டத்துக்குப் போய்க் கீழாநெல்லி பறித்துவந்து அரைத்து மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மனைவியோ வண்ணத்தையும் விடுவதாக இல்லை. ஆக, உப்பில்லாத ரோஸ் இட்லி. எண்ணெயில்லாத கேரட் பொரியல். எதிரிக்கும் அந்தச் சாப்பாடு வேண்டாம். இதற்குள் சேதி அம்பத்தூருக்குப் போய், பெரியப்பா மகன் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டான். "அண்ணே, ரெஸ்ட் எடு. மடி மேட்டர் நான் பாத்துக்கறேன்." கூடவே ஒரு புஜத்தின் படம்.

அதைப் பார்த்த வேகத்தில் டாக்டரிடம் போனேன். அவர் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு. கேரட் எவ்வளவு சாப்பிடறீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. கேரட்டின் நிறம்தான் தோலில் இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் போய்விடும் என்றார்.

"அப்போ இந்த ஆன்டி ஆக்ஸிடென்ட், இடுப்பு வலி எல்லாம் சும்மாவா டாக்டர்?"

"காய், பழம் நல்லதுதான். அதை நல்லா சாப்பிடறவங்களுக்கு இடுப்பு வலி குறைவா இருக்கலாம்னு சொல்றாங்க. அது அந்தக் காயாலதானான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. நீங்க எல்லாக் காயும் அளவா சாப்பிடுங்க. நான் நடக்கச் சொன்னேனே, நடந்தீங்களா?"

நடக்கவில்லை. அன்றிலிருந்து நடந்தேன். தினமும் காலையில் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் பட்டாபிராம் பக்கம் போய்த் திரும்புவேன், பயிற்சிகளையும் செய்வேன். கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பு இளகியது. ஆனால் வெற்றிக்குச் சொந்தம் கொண்டாட ஆள் அதிகம். மனைவி அது பீட்ரூட் என்றாள். தங்கை பப்பாளி என்றாள். மாமியார் கீழாநெல்லி என்றார். கேரட்டால்தான் கை மஞ்சளானது என்ற கதையை மட்டும் அவர் கடைசி வரை நம்பவில்லை.

"கேரட் துன்னா மஞ்சளாவுமா? எங்க ஊட்டு மாட்டுக்குக் கூடதான் போடறோம். அது இன்னா மஞ்சளாவா கீது? கோயில்ல வந்து கண்ண காட்டட்டும், அப்பால பாக்கலாம்."

ஆவணியும் வந்தது. பாரிவாக்கத்தில் அவர்களுடைய அம்மன் கோயில், சுற்றிலும் கல் நட்ட பிளாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. சாமியானா போட்டு, மைக்செட் கட்டி, சொந்தமெல்லாம் வந்திருந்தது. நான் வேட்டிக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு போய் நின்றேன். மாமியார் வந்தார். அத்தனை பேர் முன்னாலும் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவருடைய நாத்தனாரும் பார்த்தார். யாரென்றே தெரியாத ஒரு பெரியவரும் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"வெள்ளையாதான் கீது. குந்துங்க தம்பி."

பெரியப்பா மகன் கையை மடக்கியபடி ஓரமாக நின்றிருந்தான். நான் மணையைப் பார்த்தேன். அது எங்கோ பாதாளத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று, பிறகு அம்மாவென்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையைத் தங்கை என் மடியில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. சுற்றி நின்ற சொந்தத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றுக்காக இன்னொரு மூட்டைக் கேரட் தின்னலாம்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை புரிந்துகொண்டது. தலையால் என் தாடையில் ஒரு முட்டு, காலால் வயிற்றில் ஓர் உதை. நான் விடவில்லை. ஒரு காது முடிந்தது. மறு காதுக்கு அது போட்ட சத்தத்தில் மைக்செட் பாட்டு கேட்கவில்லை. எல்லாம் முடிந்து மாமியார் பிள்ளையின் வாயில் சர்க்கரை போட, அது சர்க்கரையைத் துப்பிவிட்டு அழுதது. மனைவி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஜனம் பந்திக்கு நகர்ந்தது. நான் மட்டும் மணையிலேயே இருந்தேன். எழுந்திருக்க வரவில்லை.

"இன்னா தம்பி, எயுந்திருங்க, எலை போட்டாச்சி" என்றார் மாமியார். பெரியப்பா மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். "நீ தொடாத" என்று அவனைத் தள்ளிவிட்டுத் தங்கை வந்தாள். என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, காலை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பிடிமானத்துக்கு நான் அவள் இடுப்பைப் பிடித்தேன். பட்டுப்புடவைக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வரிசையாக நெட்டுக்குத்துக் கம்பிகள். என் வேட்டிக்குள் இருந்ததும் அதே பெல்ட்தான்.

"உனக்குமா?" என்றேன்.

"எந்திரிண்ணே. எல்லாரும் பாக்குறாங்க."

"எப்ப இருந்து?"

"பிள்ளை பொறந்ததுல இருந்து. எந்திரி."

எழுந்துவிட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "அத்தே, இவளுக்கும் இடுப்பு வலியாம்!" என்று கத்தினேன். மாமியார் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"பெத்தவளுக்கு அது கீறதுதான தம்பி. எனக்கு இல்லியா? வாங்க, சோறு ஆறுது."

தங்கை அதற்குள் அழுகிற பிள்ளையை என் மனைவியிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சாம்பார் வாளியையும் எடுத்துவிட்டாள். நான் ஓடிப்போய் வழிமறித்தேன். ஓடினேன் என்றால் என்னால் முடிந்த ஓட்டம். "பிள்ளையை என்கிட்ட குடு" என்று கையை நீட்டினேன்.

பிள்ளை என்னைப் பார்த்தது. ஊசிக்குப் பிடித்துக் கொடுத்த ஆள் இவன்தான் என்று அதற்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "மாமா வேணாம்! மாமா போ!" என்று வீறிட்டு, அம்மா இடுப்பில் இரண்டு காலையும் இறுக்கிப் போட்டுக்கொண்டது.

"சரி சரி, மாமா வேணாம்" என்று சொல்லித் தங்கை சிரித்தாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, முதல் இலைக்குக் குனிந்தாள்.