பூட்டுக்காரரின் ஸ்பானிஷ்

சாவியை அராவி முடித்ததும் தூளை ஊதிவிட்டு, கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார் பூட்டுக்காரர். கீறாவிட்டால்தான் சாவி கைமாறும். சாவி கன்னத்தில் இருக்கும்போதே உதடு முணுமுணுக்கும்: "எஸ்தா அபியெர்த்தோ... திறந்திருக்கு. எஸ்தா செர்ராதோ... பூட்டியிருக்கு."

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் பூட்டுக்காரரின் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆணியில் தொங்கும் கைபேசியில் ஸ்பானிஷ் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் கட்டிக்கொண்டவரின் பாஷை அது. கல்யாணத்துக்குப் போகாமல் அன்றைக்கும் இங்கேயே உட்கார்ந்து சாவி அராவியவர் இவர். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் முதல்முறையாக வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது.

வா, போ, சாப்பிடு எதுவும் அவருக்கு வராது. நடந்து முடிந்தவற்றின் நிலையைச் சொல்லும் வார்த்தைகளை மட்டும் படித்திருக்கிறார். துருப்பிடித்த பூட்டோடு யாராவது வந்தால் கொண்டாட்டம்தான்.

"எஸ்தா ரோத்தோ!"

"என்னண்ணே, பூட்டைக் கொடுத்தா திட்டுறீங்க?"

"திட்டலப்பா. உடைஞ்சிருக்குன்னேன்."

மதியச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவிக்கு இது பொறுக்காது. "மாப்பிள்ளை வந்து நிப்பாரு. இவரு உடைஞ்சிருக்கு, கிழிஞ்சிருக்குன்னு ஒப்பிச்சிட்டு இருப்பாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை படிச்சா வாய் சுளுக்கிக்குமா?"

"அட, நம்ம 'இருக்கு' மாதிரிதான்டி அவங்க 'எஸ்தா'வும். உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாரு உடைச்சாங்கன்னு சொல்லவே வேணாம். எவ்வளவு நிம்மதி பாரு."

"உடைச்சவருக்கு நிம்மதியாத்தான் இருக்கும்."

அவர் அரத்தைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

வரவேற்க ஒரே ஒரு முழு வாக்கியம் வைத்திருந்தார்: "லா புவெர்த்தா எஸ்தா அபியெர்த்தா." கதவு திறந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் எதிரே நிற்கும் என்னைப் பார்த்தும் சொல்லிப் பழகுவார்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்கள். நெட்டையான மருமகன் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். மகள் இரண்டடி தள்ளியே நின்றாள். பூட்டுக்காரர் சட்டென்று எழுந்ததில் தலை இடித்தது. வாய் திறந்தது, வாக்கியம் வரவில்லை. மகள் தரையைப் பார்த்தாள்.

இழுப்பறையைத் திறந்து புதுச் சாவி ஒன்றை எடுத்தார். வீட்டுச் சாவி.

"எஸ்தா... எச்சா," என்றார். மகளைப் பார்த்து, "செஞ்சு வெச்சிருக்கும்மா."

மருமகன் கையை நீட்டினார். கொடுக்கப் போனவர் நிறுத்தி, சாவியை இன்னொரு தடவை தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் கொடுத்தார்.