குந்தாத தலை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மல்லாட்டைக் கடலை விற்பவர் வரைக்கும் செய்தி எட்டியிருந்தது. முன்னாள் ராணுவ நர்ஸ் கலைப்பிரியா தினமும் சாயங்காலம் சிறையிலிருந்து தப்பிக்கிறாளாம், விடிந்ததும் சமர்த்தாகத் திரும்பி வந்துவிடுகிறாளாம். நாலு எட்டு நடக்கவே தடுமாறுகிற அக்கா எங்கே தப்பிப்பது? தங்கை சித்ரா விழுப்புரம் பஸ் ஏறி, வழியிலிருந்த கிளைச்சிறைக்கு, மனுப் போட்டு அக்காவைப் பார்க்கப் போனாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கலைப்பிரியா நின்றபடியே பல்லைக் கடித்தாள்.

“நான் எங்கடி ஓடுறேன்? சாயங்காலம் எல்லாரையும் ரெண்டு ரெண்டு பேரா குந்த வச்சி எண்றாங்க. என்னால குந்த முடியல. குந்தாத தலைய எண்ண மாட்டாங்களாம்! விடியகால படுத்த எடத்துலயே எண்றப்ப கணக்கு சரியா வந்துடுது, நான் திரும்பி வந்துட்டேனாம்.”

லடாக்கில் ஆம்புலன்ஸ் கவிழ்ந்தபோது முதுகெலும்பு நொறுங்கியவள் அவள். இடுப்பு பெல்ட் இல்லாவிட்டால் கால் மரத்துவிடும். வரப்புத் தகராறில் உள்ளே வந்த அன்றே, இரும்புப் பட்டை இருக்கிறதென்று பெல்ட்டை வாசலில் பிடுங்கிவிட்டார்கள்.

சித்ரா பக்கத்திலிருந்த வார்டர் கோவிந்தம்மாளிடம் திரும்பினாள். “பெல்ட்ட குடுத்துடுங்களேன்.”

“மிலிட்டரி டாக்டர் சீட்டு வேணும்மா.”

“கேட்டேங்க. ஆளைக் கூட்டிக்கினு வந்தாதான் சீட்டாம்.”

“சீட்டு இல்லாம ஆளை எப்படிம்மா வெளிய அனுப்புறது? பேஜாரு!”

கலைப்பிரியா குறுக்கிட்டாள். “மேடம், நான் சொல்லிக்குடுத்த எக்சர்சைஸ்லதான உங்க இடுப்பு வலி போச்சு? அதுக்கு பதிலா பெல்ட்ட வாங்கித் தர்றேன்னீங்க.”

“மறப்பேனா? நாளைக்குத் தர்றேன்” என்றாள் கோவிந்தம்மாள், பதினெட்டாவது முறையாக.

அன்று சாயங்காலமும் எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது.