டாக்டர் சாரங்கனின் மாத்திரைகள்

சென்ற வாரம் ஒருநாள் காலையில் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. ‘நம் இயக்குநர் டாக்டர் சாரங்கன் தாமே நேரம் குறித்து விடைபெற்றார். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடத் தொடாதவர். கண்ணீர் வேண்டாம், கைதட்டுங்கள்.’ அனுப்பியது அவர் பணியாற்றிய சுயமுன்னேற்றப் பயிலரங்க நிறுவனம். படித்ததும் முதலில் எனக்கு வந்தது அருவருப்பு. பிறகுதான் அழுகை வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவரும் நானும் பல ஆண்டுகள் ஒரே கிளினிக்கில் வைத்தியம் பார்த்தோம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வெள்ளைக் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. தறியை விட்டு எழுந்து வராத நெசவாளர்களைத் தேடி அவரே போவார். தறிக் குழிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பார். “மாத்திரைய நிறுத்தினா தறியும் நின்னுடும், தெரிஞ்சுக்கோ” என்று எல்லோரையும் மிரட்டுவார். முனுசாமி என்ற நெசவாளர் அந்த மிரட்டலுக்குப் பயந்தே ஒழுங்காக மாத்திரை போட்டவர்.

ஒருநாள் அந்த நிறுவனம் அவரைப் பேச அழைத்தது. நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் கூட்டம். திரும்பி வந்தவரின் முகமே மாறியிருந்தது. “இங்க நாள் பூரா இருமல் சத்தம்மா. அங்க பேசி முடிச்சா எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டறா” என்றார். கொஞ்ச காலத்தில் கிளினிக்குக்கு முழுக்குப் போட்டுவிட்டு அங்கே இயக்குநரானார்.

ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். அவர் உடம்பில் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கீழே நாற்காலிகள் மேல் ஏறி நின்று ஜனங்கள் “நான் நலம்!” என்று கத்தினார்கள். மேடையில் பெரிய கண்ணாடி ஜாடி. பயத்தை விடுகிறவர்கள் தங்கள் மாத்திரைகளை அதில் போட வேண்டுமாம். வரிசையில் நின்று போட்டார்கள். அவர் ஒவ்வொருவர் தோளையும் தட்டிக்கொடுத்தார்.

வரிசையில் முனுசாமியும் நின்றார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

“மாத்திரை குடுத்ததும் இவருதான், இப்போ வேணாம்னு சொல்றதும் இவருதான். நீ இன்னாம்மா நடுவுல?” என்றார். என்னை விலக்கிவிட்டுப் போய் மாத்திரைகளை ஜாடியில் போட்டார். சில மாதங்களில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்தது. தறி நின்றது.

இதில் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. சாரங்கன் சாருக்கே ரத்த அழுத்தம் இருந்தது. கிளினிக்கின் பின்கதவு வழியாக வந்து என்னிடம்தான் காட்டுவார். மாத்திரைகளை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருப்பார், நிறுவனத்து ஆட்கள் பார்த்துவிடக் கூடாதென்று.

“முனுசாமிக்குக் கை போயிடுச்சு சார். நீங்க மட்டும் போட்டுக்கறீங்களே, வெக்கமா இல்லையா?” என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மேடையில அப்படித்தான் பேசியாகணும்மா. யாரு நிறுத்தறா, நிறுத்தலேன்னு நான் வீடு வீடாப் போய்ப் பாக்க முடியுமா?”

வீடு வீடாகப் போய்ப் பார்த்த மனிதர்தான் அதைச் சொன்னார். அதற்குப் பிறகும் அழுத்தம் பார்த்து அனுப்பினேன். பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

சாவு வீட்டில் நிறுவனத்தின் மஞ்சள் சட்டைக்காரர்கள் உடலைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவர் மனைவியைச் சிரிக்கச் சொன்னான் ஒருவன். முனுசாமி கோல் ஊன்றி வந்திருந்தார். “நம்ம வூட்ல தரையில குந்திக்கினு பாத்த மனுசம்மா” என்று சொல்லிச் சத்தம்போட்டு அழுதார். கைதட்டியவர்களெல்லாம் அவரை முறைத்தார்கள்.

புறப்படும்போது சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாத்திரையே தொடாதவர்னு ஊர் பூரா அனுப்பறா. அதை நம்பி இன்னும் எத்தனை பேர் நிறுத்துவாளோ. நீங்க எழுதுங்கோ, ஒண்ணையும் மறைக்க வேண்டாம்.”

அதனால் எழுதுகிறேன். சாரங்கன் சார், தரையில் உட்கார்ந்த டாக்டருக்கு என் வணக்கம். மேடையில் நின்றவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. போய் வாருங்கள்.

அந்த ஜாடியில் மாத்திரையைப் போட்டவர்கள் நாளைக் காலையே கிளினிக்குக்கு வாருங்கள். உங்கள் டாக்டர் மாரடைப்பில் இறந்தார், நேரம் எதுவும் குறிக்கவில்லை. மிட்டாய் டப்பா இன்னும் அவர் கட்டிலின் தலைமாட்டில்தான் இருக்கிறது. கடைசி நாள் காலையிலும் அதைத் திறந்து, தண்ணீர் கேட்டு வாங்கி, போட்டுக்கொண்டாராம்.