சிட்லபாக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நடவுப் பாட்டு

சிட்லபாக்கத்தில் ஞாயிறு காலைகளில் சிலர் கூடி நாட்டுப்புறப் பாடல்கள் பழகுகிறார்கள் என்று அங்கே வீடு மாறிய நண்பர் சொல்லிக்கொண்டே இருந்தார். மார்கழி இரண்டாம் ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

எழும்பூரில் காலை 6.40 மின்சார ரயில், கட்டணம் பத்து ரூபாய். 7.25க்குத் தாம்பரம் சானடோரியம். கிழக்குப் பக்கம் இறங்குங்கள். மேற்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலையில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து ஏரி சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார். போகுமிடத்தைச் சொன்னதும், "பாட்டு பாடுற எடமா? எண்பது குடு சார். போன வாரம் சவாரிய வுட்டுட்டு கேட்டுகினு நின்னேன், சோக்கா கீது" என்றார்.

ஏரிக்குப் பின்தெருவில் மூன்று மாடி அடுக்ககம். கார்களைத் தெருவில் விட்டுவிட்டு, அவை நிற்கும் இடத்தில் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். குழுவை நடத்தும் வரதன் வங்கி ஊழியர். காலனிப் பொங்கல் விழாவுக்கு ஐந்து பாட்டு. நான்கு தயார். ஐந்தாவதான நடவுப் பாட்டு மூன்று வாரமாகப் பாதியில் உடைகிறது. இன்றும் உடைந்தால் பட்டியலிலிருந்து நீக்கம்.

அதை முன்னின்று பாடுபவர் ஸ்டெல்லா, பள்ளி ஆசிரியை. "சர்ச் கொயர்ல இருபது வருஷமா பாடுறேன் சார். ஆனா தனியா முன்னால நின்னு பாடினதே இல்ல. இது போச்சுன்னா இன்னொரு பாட்டு கேக்க எனக்கே கூச்சமா இருக்கும்" என்றார்.

சோறு கொண்டுவரத் தாமதிக்கும் வயல்காரரைக் கேலி செய்யும் பாட்டு, எட்டுக் கண்ணி. ஸ்டெல்லா ஒரு வரி பாட, மற்றவர்கள் கைதட்டித் திருப்பிப் பாடினார்கள். நான்காவது கண்ணியில் வேகம் ஏறியது. ஐந்தாவதில் ஸ்டெல்லாவுக்கு மூச்சு முட்டியது.

"டீச்சர், டிரெயின புடிக்கணுமா?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், ஸ்டெல்லாவைத் தவிர. வரதன் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் முத்துலட்சுமி உள்ளே வந்தார். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிஃப்ட்டால் மூன்று வாரம் வரவில்லை. இன்று ஷிஃப்ட் முடிந்து நேரே வருகிறார். இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எதுக்கு சார் எல்லாரும் கை தட்டுறீங்க?"

"தாளத்துக்கும்மா."

"நாத்து நடுறவளுக்குக் கை எங்க சார் சும்மா இருக்கு? ஒரு கையில நாத்துக்கட்டு, இன்னொரு கை சேத்துல. நான் நட்டிருக்கேன், கால்தான் தாளம். நட்டுட்டு ஒரு அடி பின்னால. நீங்க தட்டித் தட்டி டீச்சர ஓட வுடுறீங்க!"

நாற்றுக்குப் பதிலாக, வரதன் மனைவி வாங்கி வைத்திருந்த முருங்கைக்கீரை பறிமுதலானது. ஆளுக்கொரு கொத்து, எனக்கும் ஒன்று. ஒரே வரிசையில் குனிந்தோம்.

"முத்து, இடுப்பு புடிச்சுக்கிச்சுனா ஆஸ்பத்திரிக்கு நீதான் வரணும்!" என்றார் வரிசையில் ஒரு பெண்மணி.

"மொதல்ல குனிங்க அக்கா, அப்புறம் புடிக்கும்!"

ஸ்டெல்லா தொடங்கினார். ஒரு வரி, ஒரு நடவு, ஓரடி பின்னால். தட்டுவதற்குக் கையில்லை, வேகம் ஏறவில்லை. ஐந்தாவது கண்ணியை அவர் கடந்தபோது யாரும் நிமிரவில்லை. ஆறாவதில் வாசலைத் தாண்டினோம். ஏழாவதில் பால்காரர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். எட்டாவது நடுத்தெருவில் முடிந்தது. முத்துலட்சுமி குலவையிட்டார்.

வரதன் பேனாவை மூடினார். ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார். நான்கு முறை பாடினோம்.

மூன்று வாரமாக எல்லோரும் அவர் குரலைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கோளாறு மற்றவர்கள் கையில் இருந்தது.

போக விரும்புவோருக்கு: ஞாயிறு 7.30 முதல் 9.30 வரை. கட்டணம் கிடையாது, பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்னால் நடக்கத் தோதான செருப்பு அவசியம். என் குதிகால் ஒரு ஸ்கூட்டரைக் கண்டுபிடித்தது. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் பாட்டை நான் பதிவு செய்யவில்லை. கேட்க வேண்டுமென்றால் நீங்களும் குனிந்தாக வேண்டும்.