குழிக்குழாயில் வந்த நீலம்

அந்தப் பிள்ளை நொந்துபோனதற்கு என் கையும் ஒரு காரணம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நான் என்னவோ பெரிய நியாயக்காரி மாதிரி ஆகிவிடும்.

தொண்ணூறுகளில் பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் இருந்த பால்வாடியில் நான் ஆயா. அஞ்சாங்கிளாஸ் படிப்பு. கூட்டிப் பெருக்குவது, சமைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, சத்துமாவு பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. நாலு பேர் கூடி நின்றால் அந்தப் பக்கமே போகமாட்டேன். யாராவது கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் பதில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "ஆயாவ வச்சுக்கிட்டு என்ன ரகசியம் வேணாலும் பேசலாம், சுவரு மாதிரி" என்று டீச்சர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

சத்துமாவு வறுத்து அரைத்து வெல்லம் சேர்த்தே மூடையில் வரும். அடுப்பில் வைக்கத் தேவையில்லை, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். வெந்நீர் விட்டால் சத்துப் போய்விடும் என்று யாரோ சொன்னதை நாங்கள் எல்லாரும் நம்பினோம். அதனால் பச்சைத் தண்ணீரில்தான் பிசைவேன். தண்ணீர், பால்வாடிக்கு இடம் கொடுத்த கட்டடத்துக்காரர் வீட்டுக் குழியிலிருந்து.

குழி என்றால் இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் வாசலில் இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டி, குழாயைக் கீழேயே அறுத்துவிட்டு, உள்ளே இறங்கிக் குடம் பிடிப்போம். ஒருத்தர் தோண்டினால் அடுத்த வீட்டில் தண்ணீர் நின்றுபோகும். அவர் அதைவிட ஒரு முழம் ஆழமாகத் தோண்டுவார். இப்படியே தெரு முழுக்கக் குழி. குழிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர், அம்புட்டுத்தான். அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஆழமான குழி வைத்திருப்பதே அங்கே ஒரு கௌரவம். கட்டடத்துக்காரர் குழிதான் தெருவிலேயே ஆழம்.

பால்வாடிக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி, இரண்டரை வயசு. தராசில் பையை மாட்டி உட்காரவைத்தால் முள் நகர யோசிக்கும். டீச்சர் எடை அட்டையில் மாதாமாதம் வைக்கும் புள்ளி ஒரே வரியில் படுத்துக் கிடந்தது. பிறகு இறங்கவும் ஆரம்பித்தது. நாலு நாள் நன்றாக இருப்பாள், அஞ்சாம் நாள் வயிற்றால் போகும். தின்றது எதுவும் உடம்பில் தங்காது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை.

அவளுடைய அம்மா அப்போது அடுத்த பிள்ளைக்கு ஆறு மாசம். போதாதா? சவலை, சவலை என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. வயிற்றில் ஒன்று வந்து மடியில் இருந்ததன் பாலைப் பறித்துக்கொண்டதாம். மாமியார்க்காரி பால்வாடி வாசலில் நின்றே கேட்பாள்: "இருக்கதக் காயப்போட்டுட்டு அடுத்ததுக்கு அம்புட்டு அவசரம் எங்க வீட்டு மகாராணிக்கு." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். பிள்ளை உண்டானதில் அவள் புருஷனுக்கும் பங்கு உண்டு என்று அந்தத் தெருவில் ஒரு வாய் சொல்லவில்லை. என் வாயும்தான்.

பிள்ளையின் அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் ஓதி வாங்கிவந்து, பிள்ளைக்கு மூன்று மடக்குக் கொடுத்தாள். ஓதிக் கொடுத்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. செம்பில் இருந்தது எங்கள் தெருக் குழித்தண்ணீர்.

பிள்ளையை என்னிடம் விடும்போது சொல்வாள், "அக்கா, இன்னைக்கி ரெண்டு உருண்டையா ஊட்டிவிடுங்கக்கா. மாவுலயாச்சும் தேறட்டும்." நானும் ரெண்டாக ஊட்டினேன்.

ஒரு நாள் பால்வாடியின் வெள்ளைத் திரைத்துணியைத் துவைத்து நீலம் போட்டேன். மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவி, வராந்தாவைக் கூட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். செங்கல் இடுக்கிலிருந்து நீலம் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயின் வாய் அந்தத் தண்ணீருக்குள்தான் முங்கிக் கிடந்தது. மறுமுறை தண்ணீர் விட்டபோது முதல் குடம் வெளிறின நீலமாக வந்தது. தண்ணீர் நிற்கும்போது குழாய் அந்தக் குழித்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே சாக்கடையில்தான் தினமும் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வெளிய சொல்லாத ஆயா. அவரு எடம் குடுத்திருக்காரு, தண்ணி குடுக்காரு. போங்கன்னுட்டா இந்தப் பிள்ளைகள எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"காய்ச்சியாச்சும் குடுப்போம் டீச்சர்."

"வர்ற விறகு சோறு வேகவே காணல."

டீச்சர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். எனக்கும் பயம். அதற்கப்புறமும் ரெண்டு நாள் அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தேன். தெரிந்தே பிசைந்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. தாயோடு நானும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தலையில் ஊசி போட்டு மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். நர்ஸம்மா என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண் என்னைக் காட்டி, "இந்த அக்கா கையால மாவுருண்டை சிஸ்டர். அது ஒண்ணுதான் இவளுக்கு நம்பிக்கையாக் குடுக்குறது" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்து நின்றேன். இன்னொரு தடவை வந்தால் அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்து தண்ணீர் விட்ட அன்று காலையில் கட்டடத்துக்காரர் வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. நான் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோன சொட்டு நீலப் பாட்டிலைத் திறந்து, முழுசையும் சாக்கடையில் கவிழ்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். குடம் நிறைவதற்குள் குழிச் சுவர் நீலமாக அழுதது.

ஒருத்தி குடத்தைக் கீழே போட்டாள். கட்டடத்துக்காரர் பல்துலக்கும் குச்சியோடு வந்துவிட்டார்.

"எவ அவ, குழியில மருந்தக் கலக்குனவ?"

வரிசையில் நின்ற காய்க்காரி சொன்னாள்: "மருந்து இல்லண்ணே, சொட்டு நீலம். ஒரு டம்ளர் குடிங்க, உள்ளயும் வெளுத்துரும்."

சிரிப்பு எழுந்தது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பக்கம் திரும்பினார். "எங்கப்பா காலத்துல இருந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம். எங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? அஞ்சாங்கிளாஸ் படிச்சவ எனக்குத் தண்ணி சொல்லித்தாரியா?"

ஆனால் இந்தத் தடவை வார்த்தை வெளியே வந்தது. "நான் சொல்லலண்ணே. நீலம் சொல்லுது. பெரியவகளுக்கு வயித்தால போனா ஒரு நா லீவு. இதுகளுக்கு அம்புட்டுத்தான்."

"மன்னிப்புக் கேளு. இல்லைன்னா பால்வாடியக் காலி பண்ணச் சொல்லுவேன்."

டீச்சர் பின்னால் நின்று என் சேலையை இழுத்தார். கேட்டுவிடு ஆயா என்று அர்த்தம்.

"நான் தெரிஞ்சே பிசைஞ்சதுக்கு அந்தப் புள்ளையோட அம்மாகிட்டதான் மன்னிப்புக் கேக்கணும். உங்ககிட்ட எதுக்குண்ணே?"

கேட்டேன். அன்றைக்கு மத்தியானமே ஆஸ்பத்திரியில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக் கேட்டேன். அவள் ஊசி குத்தியிருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "அப்ப எம்மேல தப்பில்லையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னாள், மாமியார் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சத்தமாகவே சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டடத்துக்காரர் காலி பண்ணச் சொல்லவில்லை. காய்க்காரியும் இன்னும் நாலைந்து பேரும் போய் என்ன பேசினார்களோ தெரியாது. ஆனால் தன் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது என்றார். சரி என்றேன். ரெண்டு தெரு தள்ளி மேட்டில் ஒரு தெருக்குழாய், தரைக்கு மேலே நின்றது. அங்கிருந்து இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாகச் சுமந்தேன். சுள்ளியும் தேங்காய் மட்டையும் நானே பொறுக்கி, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பிசைந்தேன். பார்வையிட வந்த அதிகாரியம்மா, "காய்ச்சச் சொல்லி உனக்கு யாரு உத்தரவு குடுத்தா?" என்று கேட்டார். "யாரும் குடுக்கலம்மா" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். எழுதட்டும்.

பிள்ளை உடனே தேறிவிடவில்லை. முதல் மாதம் முள் அசையவில்லை. மாமியார்க்காரி வாசலில் நின்று, "நீலத்த ஊத்தி என்னத்தக் கண்டா?" என்றாள். ரெண்டாம் மாதம் வயிற்றால் போவது நின்றது. மூன்றாம் மாதம் தராசுப் பையில் உட்காரவைத்தபோது என்னை எட்டி உதைத்தாள். உதைக்கத் தெம்பு வந்திருந்தது.

டீச்சர் புள்ளி வைத்துவிட்டு அட்டையை என் பக்கம் திருப்பினார். "இன்னும் கீழ்க்கோட்டுலதான் இருக்கா ஆயா."

"கீழயே இருக்கட்டும் டீச்சர். ஏறுதுல்ல?"