சட்டைப் பையில் இருந்த கொட்டர் பின்

பதுளையில் படகா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இன்றுவரை என் கராஜ் பக்கம் வந்ததில்லை. நான் என்ன செய்ய? எல்லவில் விடுதி நடத்தும் ஒருவர், வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் படகு வாங்கிவிட்டார். படகு மலையில், தண்ணீர் கீழே மொனராகலைப் பக்கத்துக் குளத்தில். ஆகவே படகை ட்ரெய்லரில் ஏற்றி, வேனுக்குப் பின்னால் மாட்டி, மலையிறக்கி, ட்ரெய்லரின் சக்கரம் மூழ்கும்வரை குளத்துக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். வேனை ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி. அந்த இரண்டு சக்கரங்களுக்கும் பொறுப்பு நான்.

படகு ட்ரெய்லரின் சக்கரம் பொல்லாதது. இறக்கத்தில் ஓடிச் சூடேறிய ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், அப்படியே குளத்தில் இறங்கினால், சடாரென்று குளிர்ந்து, ரப்பர் சீலின் இடுக்கு வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் வழியும். கொஞ்ச நாள் விட்டால் பெயாரிங் துருப்பிடித்துப் போய்விடும். அதனால் மாதம் ஒருதரம் ட்ரெய்லரை என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இரண்டு ஹப்பையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பெயாரிங்கின் ஒவ்வொரு உருளைக்கும் இடையில் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி ஏற்றி, புது சீல் போட்டு, நட்டை இறுக்கி, பிறகு சக்கரம் இலகுவாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துவேன். அந்த நட்டு தானாகக் கழன்று வராமல் குறுக்கே ஒரு கம்பி ஊசியைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அதுதான் கொட்டர் பின். அரை விரல் நீளம்கூட இல்லை. அது இல்லாவிட்டால் சக்கரமே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. படகோடு ட்ரெய்லர் என் கராஜிலிருந்தே குளத்துக்குப் போக வேண்டும். மொனராகலையில் அவள் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் என் மனைவியும் தம்பியோடு வேனில் புறப்பட்டாள். காலையிலிருந்தே என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பத்தரைக்கு ராகு காலம் வருது. அதுக்கு முன்னுக்கு வண்டி வாசல் தாண்டணும்.”

“தாண்டும் தாண்டும். நீ வாய மூடிக்கிட்டு இருந்தா சீக்கிரமே தாண்டும்.”

வலது சக்கரம் முடிந்தது. இடது சக்கரத்தில் நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போதே கற்பூரத் தட்டோடு வந்து நின்றுவிட்டாள். பத்து இருபது. அவசரமாக ஹப்பின் மூடியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். மூடி ஏறிய கையோடு அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது. கையைத் துடைக்கத் துணியை எடுக்கலாம் என்று சட்டைப் பைக்குள் கை விட்டேன். சுருக்கென்று விரலில் குத்தியது.

கொட்டர் பின். காலையில் இரண்டு புதிய பின் போட்டு வைத்திருந்தேன். ஒன்று இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

வேன் அப்போதுதான் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. இருபது அடி தூரம்கூட இல்லை. கையைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது புரியும். புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லய வீடுகளில், கொழும்புக்கு வேலைக்குப் போகிறவன் பையையே மறந்துவிட்டுப் போனாலும் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். யாராவது தேயிலைக்குள் விழுந்தடித்துக் குறுக்கே ஓடி, அவனுக்கு முன்னால் போய் நின்று கொடுப்பார்கள். சூலாயுதத்தால் குத்தினாலும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது போல. மோட்டர் சைக்கிளில் முந்திப் போய் முன்னால் நின்று சொல்லிவிடலாம் என்று அந்த ஒரு நொடியில் என் புத்தி கணக்குப் போட்டது. மடப் புத்தி. வேன் திரும்பி மறைந்துவிட்டது.

மோட்டர் சைக்கிளின் பிளக்கை நேற்று நானே கழற்றிப் போட்டிருந்தேன். போனை எடுத்து மனைவிக்கு அடித்தேன். என் மேசை மேலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறாள். தம்பிக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறான். மலையில் ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று மிரட்டி வைத்ததும் நான்தான். பிளக்கைத் தேடி மாட்டி உதைத்துக் கிளப்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எல்ல வரைக்கும் பெரும்பாலும் ஏற்றம்தான், மெதுவாகத்தான் போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் படகின் பின்பக்கம் தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை. எல்லவைத் தாண்டினால் செங்குத்து இறக்கம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே சக்கரம் கழன்றால் ட்ரெய்லர் சும்மா நிற்காது. வேனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

இறக்கம் தொடங்கி மூன்றாவது வளைவில், தார் ரோட்டின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. பிரேக் பிடித்து இறங்கிப் பார்த்தேன். மூடி. கழன்று வந்த நட்டு தள்ளி விழுத்தாட்டிய மூடி. அதன் மேல் என் மனைவி வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். பள்ளத்தின் பக்கம் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.

இரண்டு வளைவு தள்ளி வேன் நின்றது. எதிரே மேலேறி வந்த பஸ் ஒன்று வழியை மறித்து நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ட்ரெய்லரைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இடது சக்கரம் சரிந்து, ஒரு சாண் வெளியே வந்திருந்தது. நட்டைக் காணவில்லை. இன்னும் ஒரு வளைவு ஓடியிருந்தால் அவ்வளவுதான். என் மனைவி ரோட்டோரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு.

அவள் தம்பி என்னைக் கண்டதும் ஓடி வந்தான். “மச்சான், நான் ஒண்ணும் செய்யல மச்சான்,” என்றான்.

“நீ ஒண்ணும் செய்யலடா. நான்தான் கொட்டர் பின்ன போடல,” என்று சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் காட்டினேன். “வண்டி வாசல் தாண்டும்போதே தெரியும். கூப்பிடல.”

மனைவி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கண்ணாடியில பாத்தேங்க,” என்றாள். “நீங்க கையத் தூக்குனீங்க. தம்பி நிப்பாட்டப் போனான். பொறப்பட்ட வண்டிய நிப்பாட்டக் கூடாது, போடான்னு நான்தான் சொன்னேன்.”

பஸ்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது பின்களைப் பைக்குள் போடுவதில்லை. நட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, செருகி, மடக்கி, இரண்டாவது ஆள் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூடி ஏறும். அந்த இரண்டாவது ஆள் அவள்தான். விரலில் கிரீஸோடுதான் கற்பூரத் தட்டை எடுக்கிறாள். ஆனாலும் பயம் போகவில்லை. வண்டி நகர்ந்தால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

போன மாதம் தங்கச்சி பிள்ளைக்கு மொட்டை போட மறுபடியும் அதே வேனில் புறப்பட்டாள். வாசல்வரை போனவள் ஏறாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

“ஏங்க, சும்மாவாச்சும் ஒருதரம் கூப்பிடுங்க.”

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “ஏய், நில்லு!” என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். “என்னாங்க?”

“ஒண்ணுமில்ல. பாத்துப் போயிட்டு வா.”